நழுவவிட்டவர் யார்?

விளையாட்டு வீரர்களின் தோல்வி அச்சத்தை அவர்களுடைய மனத்திற்குள் தேடுவது வழக்கமாகிவிட்டது. மனத்திடம் போதாது, நெருக்கடியில் தடுமாறுகிறார், இறுதிப் போட்டி என்றாலே அஞ்சுகிறார் என்று தீர்ப்புகள் எளிதாக வழங்கப்படுகின்றன. அவ்வச்சத்தின் கணிசமான பங்கு மனத்திற்கு வெளியே, தோல்வியைப் பேசும் மொழியில் உற்பத்தியாகிறது என்பதைத் தீர்ப்பெழுதுவோர் கணக்கில் கொள்வதில்லை. ஹைதராபாத்தின் பி. வி. சிந்து இதற்குத் தெளிவான சான்று.

2016இல் ரியோ ஒலிம்பிக் இறுதியில் ஸ்பெயினின் கரோலினா மரினிடம் தோற்று அவர் வெள்ளி பெற்றார். ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற முதல் இந்தியப் பெண் என்று நாடு கொண்டாடியது. தெலங்கானா அரசு 5 கோடி ரூபாயும் ஆந்திர அரசு 3 கோடி ரூபாயும் அறிவித்தன. இரண்டே ஆண்டுகளில் அதே வெள்ளி குற்றப்பத்திரிகையாக மாறியது. 2018இல் இந்திய ஓப்பன், காமன்வெல்த், தாய்லாந்து ஓப்பன், உலக சாம்பியன்ஷிப், ஆசிய விளையாட்டு என ஐந்து இறுதிப் போட்டிகளில் அவர் தோற்றார். இறுதியில் மட்டும் ஏன் தோற்கிறீர்கள் என்னும் கேள்வி அவரை விடாமல் துரத்தியது.

அக்கேள்வியின் தருக்கம் விசித்திரமானது. முதற்சுற்றில் வெளியேறியவரிடம் அதை எவரும் கேட்பதில்லை. ஐந்து முறை இறுதியை எட்டியவர்தான் ஐந்து முறை அஞ்சியவராகிறார். சான்றுகளும் இக்கருதுகோளுக்கு எதிராகவே நிற்கின்றன. 2017 ஆகஸ்ட் 27 அன்று கிளாஸ்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவிடம் சிந்து 19-21, 22-20, 20-22 எனத் தோற்றார். ஆட்டம் 110 நிமிடம் நீடித்தது. இரண்டாம் செட்டைச் சிந்துவுக்குத் தந்த கடைசிப் புள்ளிக்கு மட்டும் பந்து 73 முறை அடிக்கப்பட்டது. மூன்றாம் செட்டில் 20-20 என்ற நிலைக்குப் பிறகு இரண்டே புள்ளிகள் பட்டத்தைத் தீர்மானித்தன. சரியாக மூன்று வாரம் கழித்துக் கொரிய ஓப்பன் இறுதியில் அதே ஒகுஹாராவை மூன்று செட்டுகளில் சிந்து வென்றார். இறுதிப் போட்டி அச்சம் மூன்று வாரம் விடுப்பில் சென்றிருந்தது போலும்!

இத்தகைய ஆட்டங்களை விவரிக்கத் தமிழ்ச் செய்தி நடையில் ஒரு தேய்ந்த தொடர் உண்டு: ‘தங்கத்தை நழுவவிட்டார்’. இதன் இலக்கணம் கவனத்திற்குரியது. ‘தோற்றுவிட்டார்’ என்பதில் வரும் ‘விடு’ செயல் முற்றுப்பெற்றதைக் காட்டும் துணைவினை. ‘நழுவவிட்டார்’ என்பதில் செயவென் எச்சத்தோடு சேரும் ‘விடு’ வேறு. ‘போகவிட்டார்’, ‘தூங்கவிட்டார்’ என்பவற்றைப் போல அது அனுமதிப் பொருள் தருவது. தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை என்பது அதன் உட்கிடை. மேலும், கையில் இருந்த பொருள்தான் நழுவ முடியும். எனவே தங்கம் ஏற்கெனவே சிந்துவின் கையில் இருந்தது என்பதையும் அத்தொடர் வாதமின்றி நிறுவிக்கொள்கிறது. எதிரே நின்று ஆடியவருக்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை. ஒலிம்பிக் சாம்பியனான மரினும், அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்திலிருந்த தைவானின் தாய் சூ யிங்கும் ஒற்றைத் துணைவினையால் களத்திலிருந்து அகற்றப்படுகிறார்கள். மிஞ்சுவது சிந்துவும் அவருடைய குறையும் மட்டுமே.

வெள்ளியில் நிறைவடைபவர் தங்கத்தை எட்டமாட்டார், கடுஞ்சொல்லே வீரரை உருவாக்கும் என்பது எதிர்வாதம். அதன் முற்பகுதி உண்மை. நிறைவின்மை இல்லாமல் உயர்மட்ட விளையாட்டு இல்லை. ஆனால், வெற்றியை நாடும் உந்துதலும் தோல்வியைத் தவிர்க்கும் உந்துதலும் வேறு வேறானவை என்று அமெரிக்க உளவியலாளர் ஜான் அட்கின்சன் 1957இலேயே பிரித்துக் காட்டினார். முன்னது எதிராளியையும் பந்தையும் நோக்குவது. பின்னது பார்வையாளரின் முகத்தை நோக்குவது. 20-20இல் எந்த அடி பிழைத்தது என்று பயிற்சியாளர் கேட்டால் மறுநாள் காலைப் பயிற்சியில் விடை தேடலாம். ஏன் அஞ்சுகிறாய் என்று நாடே கேட்டால் எந்தப் பயிற்சியில் விடை தேடுவது? வேட்கையை வளர்ப்பதாகச் சொல்லும் கடுஞ்சொல் பெரும்பாலும் இரண்டாம் உந்துதலுக்கே தீனி போடுகிறது.

2019 ஆகஸ்ட் 25 அன்று பாசெலில் ஒகுஹாராவை 21-7, 21-7 என 38 நிமிடத்தில் வென்று சிந்து உலக சாம்பியன் ஆனார். உடனே ‘அச்சத்தை வென்றார்’ என்று எழுதினார்கள். அதுவும் அதே பிழைதான். அச்சம் இருந்தது என்பதை மெய்ப்பிக்காமலேயே அதன் முடிவைக் கொண்டாடுவது. பாசெலில் அவர் தோற்றிருந்தாலும் இங்கு முன்வைக்கப்பட்ட வாதத்தில் ஓர் எழுத்தும் மாறாது. வெற்றி வந்தால்தான் நியாயம் கிடைக்கும் என்பது நியாயமன்று.

ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் உள்ள கோபிசந்த் அகாதெமியிலும் நாடெங்கும் உள்ள பயிற்சிக்கூடங்களிலும் விடியற்காலையில் மட்டை ஏந்தும் சிறுமிகள் செய்தித்தாளும் படிக்கிறார்கள். உலகில் இரண்டாமிடம் பெறுவது குற்றம் என்பதை அவர்கள் அங்கிருந்துதான் கற்கிறார்கள். பின்னர் அவர்களுக்கு மனத்திடப் பயிற்சி தேவை என்று பரிந்துரைப்பதற்கு முன், ‘ஒகுஹாரா வென்றார்’ என்று எழுதப் பழகுவது நல்லது. அது சிந்துவுக்குக் காட்டும் சலுகையன்று. நடந்ததை நடந்தபடி சொல்வது மட்டுமே.