கலங்கலின் வேதியியலும் அப்காரிச் சட்டமும்

லாகர் பீர் தெளிவுக்குப் பெயர்பெற்றது. அத்தெளிவைக் கெடுக்காமல் அதற்கு மணமூட்டுவது எப்படி என்பது, வீட்டில் பீர் தயாரிக்கும் வழக்கமுள்ள நாடுகளில் ஓயாது எழும் வினா. திருவனந்தபுரத்தில் ஒருவர் தம் சமையலறையில் அதற்கு விடைகாண முயன்றால் அது குற்றம். அவ்வினா எத்தகையது என்று அறிந்தால்தான், இத்தடையால் இழப்பது என்ன என்பதும் விளங்கும்.

ஹாப்ஸ் மலரைக் கொதியில் இட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியாகிவிடும். ஆகவே நொதித்துக் குளிர்ந்த பீரில் அதை ஊறவைப்பர். அப்போது மணத்தோடு பாலிஃபீனால்களும் இறங்குகின்றன. அவை வாற்கோதுமையிலிருந்து வந்த, புரோலின் மிகுந்த புரதங்களைப் பற்றிக்கொள்ள, பீர் கலங்குகிறது. மணத்தையும் கலங்கலையும் தருவது ஒரே செயல்தான்.

தீர்வும் அதே வேதியியலில் உள்ளது. பீரைச் சுழியம் பாகைக்கு அருகில் சில நாள் நிறுத்தினால் அப்பிணைப்புகள் திரண்டு அடியில் படியும். மேலிருப்பதை மெல்ல இறுத்துக்கொள்ளலாம். சிலிகா ஜெல் புரதத்தைப் பற்றி நீக்கும். பிவிபிபி என்னும் பலபடி பாலிஃபீனாலைப் பற்றி நீக்கும். ஹாப்ஸைக் குறைந்த நாள் மட்டும் ஊறவிடுவதும் உதவும்.

இது ஏதோ ஐரோப்பியப் பானத்தின் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. தென்திருவிதாங்கூர்த் தமிழர் கொல்லாம்பழம் என்று அழைக்கும் முந்திரிப்பழத்தின் சாறு, தொண்டையைக் கரகரக்கச் செய்யும் டானின் மிகுந்தது, டானினும் பாலிஃபீனாலே. கஞ்சியையோ வேகவைத்த ஜவ்வரிசியையோ கலந்து அதைப் படியவைத்துச் சாற்றைத் தெளியவைக்கும் முறையைக் கேரள வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. கொட்டைக்காகப் பறிக்கப்பட்ட பழம் பெருமளவு வீணாகும் இம்மாநிலத்தில், தெளியவைக்கும் கலை ஆடம்பரம் அன்று.

ஆனால், கொல்லம் ஆண்டு 1077இல் கொச்சி சமஸ்தானத்தில் பிறந்து இன்று மாநிலம் முழுவதும் நடப்பிலுள்ள அப்காரிச் சட்டம், கள்ளும் ஒயினும் பீரும் சாராயமும் மது என்னும் ஒரே சொல்லில் அடங்கும் என்கிறது. உரிமமின்றி மது தயாரித்தால் 55ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் தயாரிப்பதும் குற்றமே என்று கலால் துறை எச்சரித்தது.

இக்கடுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1982 ஓணத்தின்போது வைப்பினில் எழுபதுக்கும் மேற்பட்டோரும், 2000இல் கல்லுவாதுக்கலில் முப்பதுக்கும் மேற்பட்டோரும் நச்சுச் சாராயத்துக்குப் பலியாயினர். குடியால் சிதைந்த குடும்பங்களின் துயரமும் மெய்யானது. ஆயினும் அவ்விரு பேரிடர்களிலும் கொன்றது, விற்பனைக்கான சாராயத்தில் இருந்த மெத்தனால். வாற்கோதுமைக் கரைசலை ஈஸ்ட் நொதிக்கச் செய்யும்போது ஆபத்தான அளவு மெத்தனால் உண்டாவதில்லை. நொதித்தலையும் காய்ச்சி வடித்தலையும், சொந்தப் பயன்பாட்டையும் விற்பனையையும் பிரித்துக் காணாத சட்டம், நச்சு வணிகரையும் வாளியில் பழச்சாறு ஊறவைத்தவரையும் ஒரே கூண்டில் நிறுத்துகிறது.

குடிப்பழக்கத்தை ஒடுக்குவதே நோக்கம் என்றால் அவ்வாதமும் நிற்காது. 1984 முதல் அரசுக் கழகமே மது விற்று வருகிறது. இந்நகரின் வெப்பத்தில் குளிர்பெட்டியை ஒதுக்கி, வாரக்கணக்கில் காத்திருந்து லாகர் தயாரிப்பவரைவிட, கடை வரிசையில் நிற்பவருக்குப் போதை எளிதில் கிட்டும்.

பிரிட்டன் 1963இல் வீட்டுத் தயாரிப்புக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்கக் கூட்டரசு 1978இல் அளவு வரம்பு விதித்து, விற்பனையைத் தடுத்து, வீட்டு பீரை அனுமதித்தது. கேரளத்துக்கும் அவ்வழி பொருந்தும்: காய்ச்சி வடித்தலுக்கும் விற்பனைக்கும் இன்றுள்ள தண்டனை அப்படியே நீடிக்கட்டும், ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்ற வரம்புக்குள் சொந்தப் பயனுக்கு நொதிக்கவைப்பது குற்றப் பட்டியலிலிருந்து நீங்கட்டும். நொதித்தலைப் பாடமாகக் கற்கும் மாணவர், அதைத் தம் வீட்டில் செய்துபார்க்கச் சிறைக்கு அஞ்ச வேண்டிய நிலை அறிவுக்கும் நீதிக்கும் பொருந்தாது.