சுவரைப் பாக்காம வண்டி விக்கிறாங்க

கிராமத்து ஆளுங்களுக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்னா பயம், அதான் பெட்ரோலை விடமாட்டேங்கறாங்கன்னு பட்டணத்து நண்பர்கள் அடிக்கடி சொல்றாங்க. பயமா, எங்களுக்கா? ஏதர் வண்டி ஓசூர்லதான் செய்றாங்க. ஓலா போச்சம்பள்ளியில. சிம்பிள் எனர்ஜி சூளகிரியில. டிவிஎஸ் மொபெட் காலத்துலருந்தே எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. மூக்கண்டப்பள்ளியில ஷிப்டுக்குப் போற ஆள் இல்லாத தெரு கிடையாது. பகலெல்லாம் வண்டியைப் பூட்டுறவன் ராத்திரி அதைப் பார்த்துப் பயப்படுவானா?

பிரச்சினை வண்டியில இல்லைங்க, சுவத்துல இருக்கு.

எங்க பக்கத்துப் பழைய வீட்டு ஒயரிங்கெல்லாம் பல்புக்கும் மிக்சிக்கும் போட்டது. பிளக்குல மூணு ஓட்டை இருக்கும். மேல் ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. மிக்சி, டிவி எதுவும் அதைக் கேட்காது. ஸ்கூட்டர் சார்ஜர்கள் பல கேட்கும். எர்த் இல்லையா, சிவப்பு லைட்டு. சார்ஜ் ஏறாது.

எங்க வீட்டுலயும் அதுதான் நடந்தது. "வீட்டு ஒயரிங் பாக்க ஆள் வருவாங்களா"ன்னு வாங்கும்போதே கேட்டேன். "தேவையில்லை சார், செல்போன் மாதிரி சொருகுனா போதும்"னாங்க. டெலிவரி அன்னைக்கு ஆப், ப்ளூடூத், ஓட்டுற மோடுன்னு அரை மணி நேரம் பாடம். சிவப்பு லைட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. போன் போட்டா, "அது உங்க வீட்டுப் பிரச்சினைங்க."

இதுக்கப்புறம் ஊர்ல ஒரு யோசனை சொல்லுவாங்க பாருங்க, அதுதான் எமன். "நியூட்ரல்லருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்கு இழுத்து விடுங்கண்ணா, பச்சை எரியும்." எரியும்தான், சார்ஜரை ஏமாத்தியாச்சே! ஆனா காத்து மழையில நியூட்ரல் அறுந்தா, எரியுற பல்பு வழியாவே 230 வோல்ட் திரும்பி வந்து அந்த எர்த் பின்னுல நிக்கும். சார்ஜரோட இரும்புக் கூடு, சில வண்டிகள்ல வண்டி உடம்பும் அதோட சேர்ந்தது. ஃபியூஸ் போகாது. ஈரக் காலோட கொட்டகையிலருந்து வர்ற ஆள் தொட்டா என்ன ஆகும்?

ஒழுங்கான வேலை ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. சுவத்துலருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுத்தி கரியும் உப்பும், கோடையில தண்ணி ஊத்தணும். (பாறை தட்டுற நிலத்துல குழி தோண்டற கூலிதான் பெருசு.) அங்கிருந்து தனி ஒயர், 15 ஆம்ப் பிளக், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி.

ஏசி வாங்கினா ஆள் வந்து மாட்டிக் கொடுக்கிறான். லட்ச ரூபாய் வண்டிக்கு மட்டும் ஏன் சுவரைப் பாக்க ஆள் வரக்கூடாது? 2019லருந்து ஃபேம் 2, அப்புறம் 2024ல பிஎம் இ-டிரைவ்னு மானியம் வந்துச்சு. கணக்கெல்லாம் பேட்டரி எத்தனை கிலோவாட் மணின்னுதான். வீட்டு எர்த் பைப்புக்கு ஒத்தப் பைசா இல்லை. டெலிவரி சீட்டுல 'வீட்டு எர்த் பார்த்தாச்சு'ன்னு ஒயர்மேன் கையெழுத்து இல்லாம வண்டியை வெளிய விடக்கூடாதுன்னு சட்டம் போடட்டும். வண்டி விக்கிறவன் காசுலயே அந்த ஒயர்மேன் வரட்டும்.

அதுவரைக்கும், ஊர்ல இருக்கிற அப்பாவுக்கு வண்டி புக் பண்றவங்க முதல்ல ஒரு ஒயர்மேனை அனுப்புங்க. பிளக்கைக் கழட்டி உள்ள துண்டு ஒயர் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அப்புறம் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல குண்டு பல்பைப் போட்டுப் பாக்கட்டும். மங்கலா எரிஞ்சா பைப் சரியில்லை.