பூஜ்யத்துக்கும் கணக்கு உண்டு

பி.காம் படிக்கிறவனுக்கு பிட்டுகளோட என்ன வேலைன்னு கேட்காதீங்க. நம்ம நீலகிரியில மஸ்டர் எழுதாத எஸ்டேட் உண்டா? அங்கேதான் வேலை :-)

மாசத்துக்கு அதிகபட்சம் 31 நாள். கம்ப்யூட்டரில் ஒரு சாதாரண முழு எண்ணுக்கு 32 பிட். வேலைக்கு வந்த நாள் 1, வராத நாள் 0, வலது ஓரத்துப் பிட் முதல் தேதி. ஆக, ஒருத்தரோட மாச வருகை முழுசும் ஒரே எண்ணில் அடங்கிடும். 12 என்றால் இரும எண்ணில் 1100. அதாவது 3, 4 தேதிகளில் மட்டும் வந்திருக்கிறார்.

இதைப் படிக்க ரெண்டு வழி. ஒன்று, 31 பிட்டையும் வரிசையா பார்ப்பது. இன்னொன்று, எண்ணில் 1 கழித்து, வந்ததைப் பழைய எண்ணோடு 'அண்ட்' செய்வது. வலது பக்கத்துல முதல்ல இருக்கிற 1 மட்டும் விழுந்துடும். 12-இல் (1100) 1 போனா 11 (1011). ரெண்டையும் அண்ட் செய்தால் 1000. எத்தனை 1 இருக்கோ அத்தனை சுற்றுதான். 1960-இல் பீட்டர் வெக்னர் வெளியிட்ட வித்தை இது.

இது எங்கே பொருந்தும்? ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் மியூவான் துகள்களைப் பிடிக்க 3,712 குழாய்கள் வைத்துக் கட்டினார்கள். ஒரு மியூவான் போனால் சில குழாய்தான் பேசும், மிச்சமெல்லாம் அமைதி. அந்த மாதிரி இடத்தில் 0-க்களைத் தாண்டிப் போவது புத்திசாலித்தனம்.

ஆனா மஸ்டரில்? "14-ஆம் தேதி நான் வந்தேனே, ஏன் போடலை?" என்று கொழுந்து பறிக்கிற அக்கா கேட்டால், பிரச்சனை இருப்பதே அந்த 0-இல்தான். வித்தை அதைத் தொடாமலே தாண்டிடும். 22 நாள் என்ற மொத்தமும் பதில் சொல்லாது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோட விடுப்பு என்று வைத்தது. அந்த மாதிரிக் கணக்கில் ஒரு 1 தவறி 0 ஆனால், அன்றைய கூலியோட விடுப்பும் போகலாம்.

அதனால என் கட்சி, மெதுவான முதல் வழிதான். 31 பிட்டையும் சுற்றி, வந்த தேதி, வராத தேதி ரெண்டையும் சம்பளச் சீட்டில் அச்சடிக்கணும். சில சுற்று மிச்சமாவதால் கம்ப்யூட்டருக்கு எந்த லாபமும் இல்லை. ஒரு நாள் கூலி போனா அந்த அக்காவுக்கு நிச்சயம் நஷ்டம். நாளைக்கு சம்பளக் கணக்கு போடப்போற பி.காம் நண்பர்களே, என்ன சொல்றீங்க?