நுங்கு வண்டிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை

மே மாதம் மாமியார் வீட்டுக்குப் போகும் வாலிபர்களே, ஒரு வார்த்தை. சாப்பிட்டோமா, ஃபேனுக்கு அடியில் படுத்தோமா என்று இருங்கள். குழந்தைகளுக்கு எதையும் செய்து காட்டக் கிளம்பாதீர்கள். நான் கிளம்பினேன்.

ஆபீஸ் திருநெல்வேலியில். வீடு காயல்பட்டினத்தில். வீடு என்றால் மனைவி வீடு. எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் மூட்டை கட்ட மாட்டாள், மாப்பிள்ளைதான் கட்ட வேண்டும். வாரக் கடைசியில் திருச்செந்தூர் ரயிலைப் பிடித்து மரியாதையாக வந்து இறங்குவேன்.

மரியாதை என்றால் சாதாரண மரியாதை இல்லை. என் மாமி மூன்று வருஷமாக என்னிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்து, என் மனைவி வழியாக. "மாப்பிள்ளைட்ட கேளு, இன்னொரு மீன் வைக்கட்டுமா?" நான் வேண்டாம் என்பேன். மீன் வந்துவிடும்.

இந்த மாமி பகலில் பிள்ளை பார்க்கிறார். தெருவில் பாதி வாப்பாமார்கள் வளைகுடாவிலும் ஹாங்காங்கிலும். உம்மாமார்களில் சிலர் டீச்சர், சிலர் தையல். காலை ஒன்பது மணிக்கு முடுக்கு வழியாக எட்டு உருப்படிகள் வந்து சேரும். ஒன்றரை வயசிலிருந்து ஏழு வயசு வரை. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் கார், அதற்கும் மூன்று சக்கரம். தினமும் அதற்காகப் பானிபட் யுத்தம்.

பார்த்தேன். என்னுள் தூங்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி எழுந்து உட்கார்ந்தான்.

முதல் கண்டுபிடிப்பு, கிலுகிலுப்பை. காலி தண்ணீர் பாட்டில், உள்ளே ஒரு கைப்பிடி புளியமுத்து, மேலே மூடி. செலவு பூஜ்யம். கதவுக்குப் பின்னாலிருந்து குரல்: "மாப்பிள்ளைட்ட கேளு, மூடி கழண்டா என்ன செய்வாங்கோ?"

நான் பெரிய மனசுடன் சிரித்தேன். பத்தே நிமிஷம். ஒன்றரை வயசுக்காரன் தன் நாலு பல்லால் மூடியைத் திறந்துவிட்டான். மாமி அவன் வாயிலிருந்து மூன்று முத்து எடுத்தார். நாலாவது இருந்ததா என்று தெரியாமல் தரையில் கொட்டியதை எல்லாம் உட்கார்ந்து எண்ணினோம். முதலில் எத்தனை போட்டேன் என்று எண்ணியிருந்தால் அல்லவா அதில் அர்த்தம்!

அன்று ராத்திரி போனை எடுத்துக்கொண்டு படித்தேன். கடையில் விற்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மூன்று வயசுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மை என்றால், அதையும் அதிலிருந்து கழன்று விழும் துண்டுகளையும் 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாயில் போட்டுப் பார்ப்பார்கள். முழுசாக உள்ளே போனால் ஃபெயில். குழந்தையின் தொண்டைக்கு அந்தக் குழாய் ஒரு மாதிரி. நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிய சாமான்கூட ஆகாது என்றால் புளியமுத்து எந்த மூலைக்கு? பட்டன், சோழி, வேர்க்கடலை, கிழிந்த பலூன், ரிமோட்டில் இருக்கும் வட்ட பேட்டரி எல்லாம் இதே கட்சி. அந்த பேட்டரி இன்னும் மோசம், உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் பொத்துவிடக்கூடும்.

கடைப் பொம்மைக்கு இழுத்துப் பார்க்க, கீழே போட்டுப் பார்க்க எங்கோ ஒருவர் சம்பளம் வாங்குகிறார். நான் செய்த கிலுகிலுப்பைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? கதவுக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். நான்தான் சிரித்துவிட்டேன்.

மறுநாள் நுங்கு வண்டி. இதில் நான் கில்லாடி. இரண்டு நுங்குக் கூந்தல், நடுவே ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக் கம்பு. பெரிய பையன்கள் இருவர் வாசலுக்கும் கொல்லைக்கும் எக்ஸ்பிரஸ் விட்டார்கள். கம்பு முனை மட்டும் சரியாகச் சின்னப் பிள்ளைகளின் கண் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. பனை மட்டையில் வாள் செய்து தரலாமா என்றும் யோசித்தேன். அதன் கருக்கு என் விரலையே அறுத்ததால் நாட்டுக்கு நல்லது நடந்தது.

அரவிந்த் குப்தா என்று ஒருவர். ஐ.ஐ.டி.யில் படித்து டெல்கோவில் இன்ஜினீயராக இருந்தவர். 1978-ல் ஒரு வருஷம் லீவு போட்டு ஹோஷங்காபாத் பக்கம் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் சேர்த்துக் கணக்கு, விஞ்ஞானம் சொல்லித் தந்தார். குப்பையிலிருந்து நூற்றுக்கணக்கில் பொம்மை செய்தவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ. நான் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பத்மஸ்ரீ வரை போய்விட்டேன். ஒரு விஷயத்தை மறந்தேன். தீக்குச்சி, வால்வு டியூப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பாடம். ஒன்றரை வயசுக்குப் பலகாரம்.

மூன்றாவது, ஊஞ்சல். இதைச் சிரிக்காமல் சொல்கிறேன்.

உத்திரத்தில் பழைய சேலையைக் கட்டினேன். முடிச்சு பலமா என்று நானே தொங்கிப் பார்த்தேன். பலம்தான். வரிசையாக ஆடினார்கள். ஆபீஸிலிருந்து போன். "சார், அந்த ஃபைல்..." திரும்பி நின்று பேசினேன். இரண்டு நிமிஷம் இருக்கும்.

ஏழு வயசுப் பெண் சேலைக்குள் நின்று சுற்றிச் சுற்றி முறுக்கியிருக்கிறாள், விட்டால் பம்பரமாகச் சுழலுமே என்று. கால் வழுக்கிவிட்டது. முறுக்கிய சேலை கழுத்தில். ஒரு சத்தமில்லை. கழுத்து நெரிபட்டால் சத்தம் வராது என்பதுகூட எனக்கு அதுவரை தெரியாது.

"ஏய்! புள்ளையத் தூக்கு! இழுக்காத, தூக்கு!"

கதவு திறந்திருந்தது. மாமி என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தைகள்.

தூக்கினேன். பாரம் என் கையில் இறங்கியதும் மாமி முறுக்கை எதிர்ப்பக்கம் அவிழ்த்தார். பிள்ளை இருமினாள், அழுதாள். அந்த அழுகையைப் போல் இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. அழுதுவிட்டாளே, சரியாகிவிட்டது என்று நான் சொன்னதை மாமி காதில் வாங்கவில்லை. டாக்டரிடம் கொண்டுபோனோம். உள்வீக்கம் பிறகுகூட வரலாமாம். அன்று முழுக்கக் குரலும் மூச்சும் எப்படி இருக்கிறது என்று கவனிக்கச் சொன்னார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் உம்மாவிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மகளின் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

போன வாரம் பயந்துகொண்டே அட்டைப்பெட்டியில் ஒரு வீடு கட்டினேன். பின் அடித்த இடத்தில் எல்லாம் பின்னைப் பிடுங்கிவிட்டு மைதா பசை. இழுத்துத் திறக்கிற கதவுக்குக் கயிறு ஒரு சாணுக்குள். எட்டுப் பேரும் உள்ளே புகுந்துகொண்டார்கள். மூன்று சக்கரக் கார் அனாதையாகக் கிடந்தது.

கதவுக்குப் பின்னால் வெகு நேரம் மௌனம். பிறகு குரல் வந்தது, பழையபடி மனைவி வழியாக.

"மாப்பிள்ளைட்ட சொல்லு, அந்த நுங்கு வண்டிக் கம்பு முனையில துணி சுத்தித் தரச் சொல்லி. பயலுவ கேக்குறானுவ."

நல்ல துணியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய சேலை எதுவும் கையில் சிக்கவில்லை. மாமி ஒளித்து வைத்துவிட்டார்.