பாட்டி வீட்டுப் பிள்ளைகள்



சென்ற பொங்கலுக்குப் பிறகு வடகரப்பதியில் நடந்த நம் கூட்டத்தில் ஒரு தாய் பேசினார். மூணாறு பக்கம் கொழுந்து எடுப்பவர். படிப்பை எண்ணி மகனை மூன்று வயதில் வேலந்தாவளத்தில் தன் தாயிடம் விட்டவர். "அம்மாயியத்தான் அம்மாங்கறானுங்க. என்னைப் பாத்தா, 'எஸ்டேட்டம்மா வந்திருக்குது'ங்கறானுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூட்டத்தில் எவரும் சிரிக்கவில்லை.

இது அந்தத் தாயின் குற்றமா? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் கல்வி வசதி பற்றியும் சொன்னது. பன்னிரண்டைத் தாண்டிய பிள்ளைக்கு என்ன வழி என்று அது சொல்லவில்லை. லயத்து வீடோ வேலை உள்ளவரைதான். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து, லயங்களில் உறங்கிய மக்களோடு 70 உயிர்கள் போயின. இதையெல்லாம் கண்ட பெற்றோர் பிள்ளையை உறவினர் வீட்டில் விடுவது பாசக் குறைவால் அல்ல.

போய்ப் பார்ப்பதும் எளிதாக இருந்ததில்லை. 2015இல் மூணாறு பெண்கள் 'பெம்பிளை ஒருமை'யாகத் திரண்டு போராடியபோது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். போராடிய பின் 301 ஆயிற்று. பிள்ளையைப் பார்க்கப் போனால் அந்தக் கூலியும் போகும், பஸ் கட்டணமும் போகும். 2010 முடிவில் நிறுத்திய போடி ரயில், அகலப்பாதையாகித் திரும்பி வந்தது 2023 ஜூனில். இடையில் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றம். குமுளிப் பாதை அடைபட்டது. 2020இல் ஊரடங்கு. இரண்டு முறையும் எல்லைக்கு அந்தப்பக்கம் பிள்ளை, இந்தப்பக்கம் பெற்றவர்கள்.

இத்தனையும் உண்மை. ஆனாலும் நம் தவறையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் அனுப்பினால் கடமை தீர்ந்தது என்று பலர் இருந்துவிடுகிறோம். வருகிறேன் என்று நாள் சொல்லிவிட்டு வராமல் போகிறோம். வந்தாலோ, அனுப்பிய பணத்துக்குப் பிள்ளையின் எதிரிலேயே கணக்குக் கேட்டு, வளர்க்கிற அத்தையை அழ வைக்கிறோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று நொந்துபோவது அந்தப் பிள்ளைதான்.

வாரத்தில் ஒருநாள், ஒரே நேரத்தில் போன் பேசுவோம். மார்க்கை மட்டும் கேட்காமல் பிள்ளையின் சிநேகிதர் பெயரையும் கேட்போம். ஏன் பிரிந்திருக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்வோம். நிச்சயமில்லாத நாளை வாக்குக் கொடுக்க வேண்டாம். பள்ளி மாற்றம், வைத்தியம், சடங்கு எதுவானாலும் வளர்ப்பவர்கள் பெற்றவரைக் கேட்டுச் செய்யட்டும். பெற்றவர்கள் வளர்ப்பவரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கட்டும். பிள்ளை பாட்டியை அம்மா என்றால் பறித்துத் திருத்த வேண்டாம். அந்த அன்பு பிள்ளைக்குக் கிடைத்த சொத்து. திரும்ப அழைத்துக்கொள்ளும் காலம் வந்தால் ஒரே நாளில் பிடுங்கி வராதீர்கள். முதலில் ஒரு விடுமுறை, பிறகு இன்னொரு விடுமுறை என்று பழக்குங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது இவ்வளவு. மீதியைச் சங்கம் கேட்டுப் பெற வேண்டும். தோட்டப் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழிப் பள்ளியும் விடுதியும் வேண்டும். பிள்ளையைப் பார்க்கச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். எல்லை எந்தக் காரணத்தால் அடைபட்டாலும், பிள்ளையிடம் போகும் தாய் தந்தைக்கு வழி திறந்திருக்க வேண்டும். போனஸுக்குக் கொடுக்கும் மனுவில் இந்த மூன்றையும் சேர்த்தே கொடுப்போம்.

1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லையைப் போட்டவர்கள் நம்மைக் கேட்டுப் போடவில்லை. ஆனால் பெற்றவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் இன்னொரு எல்லை விழாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள்.