வேலை உண்டு, பதவி இல்லை

“விளையாட்டுப் பொறியியலும் உயிர்மருத்துவப் பொறியியலும் படித்து என்ன தொழில் பார்ப்பது?” உயர்தரப் பரீட்சை முடிந்த வீடுகளில் இக்கேள்வி எழுகிறது, எழுந்த இடத்திலேயே அத்துறையும் கைவிடப்படுகிறது. வன்னி மண்ணில் நின்றுகொண்டு இவ்வாறு கேட்பதைவிடப் பெரிய முரண்பாடு வேறில்லை.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் அவயவம் இழந்தோரை ஊர்தோறும் விட்டுச் சென்றது. செயற்கைக் கால் ஒருமுறை பொருத்தியதோடு முடிந்துவிடும் பொருளன்று. அது தேயும், வளரும் பிள்ளைக்குச் சிறுத்துப்போகும், எஞ்சிய காலைத் தாங்கும் குழிப்பகுதி சரிவரப் பொருந்தாவிடில் தோல் புண்ணாகும். எனவே வேலை இல்லை என்பது பொய். வேலை ஊன்றுகோலுடன் எம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது. இல்லாதது பதவியே.

1968 இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய இறப்பர்ப் பாதம், வெறுங்காலுடன் நடக்கவும் சேற்றில் இறங்கவும் குந்தியிருக்கவும் இடமளித்தது. மேனாட்டுக் கால் சப்பாத்தணிந்து நாற்காலியில் அமர்பவனை எண்ணிச் செய்யப்பட்டது. இதுவோ வயலில் இறங்குபவனை எண்ணிச் செய்யப்பட்டது. 1976 இல் கால் இழந்த அமெரிக்க மாணவர் வான் பிலிப்ஸ், பின்னர் காபன் நாரினால் துள்ளும் பாதத்தை அமைத்தார். தேவையை அருகிருந்து கண்டவரும் அனுபவித்தவருமே இவற்றைப் படைத்தனர். வன்னி மாணவனைவிட அத்தேவையை அருகிருந்து கண்டவன் யார்?

அங்கம் இழந்தோருக்கு விளையாட்டு ஓர் ஆடம்பரம் என்போரும் உளர். 2021 இல் தோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத், போரில் காயமுற்ற இராணுவ வீரர். அவர் வெற்றியைப் போற்றுவோம். அதே போரில் காயமுற்ற எமது இளைஞருக்குத் திடல் எங்கே, பயிற்சி எங்கே என்றும் கேட்போம்.

இத்துறைப் பட்டதாரிக்கு உறுதியான நியமனம் காத்திருக்கவில்லை என்பது மெய்யே. ஆனால் பதவிகள் மழைபோல வானிலிருந்து விழுவனவல்ல, கேட்டுப் பெறப்படுவன. மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியற் பட்டப்படிப்பு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கையில், அங்கும் ஏன் அது கூடாது? மூன்று மாவட்ட வைத்தியசாலைகளிலும் அவயவ வடிவமைப்புக்கும் கருவிப் பராமரிப்புக்கும் இத்துறைப் பொறியியலாளர் ஏன் கூடாது?

கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன அக்கறை எனச் சிலர் நகைக்கலாம். செயற்கைக் காலை எப்படிச் செய்வது என்பது பொறியியலின் வினா. அது யாருக்காகச் செய்யப்படவேண்டும் என்பது சமூகத்தின் வினா. அதனை எழுப்பாது மௌனம் காக்கும் கல்வி, இரு கால் இருந்தும் நடவாத கல்வியாகும்.