மலை போடியில், வியாபாரம் தாம்பரத்தில்!

மலையேற்றத்துக்கு விதி வேண்டுமா, வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்திய காலம் ஒன்றிருந்தது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட தீ அந்தப் பட்டிமன்றத்தை முடித்து வைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கேயே கருகினோர் சிலர். மதுரையிலும் சென்னையிலும் மருத்துவமனைகளில் நாட்கணக்கில், வாரக்கணக்கில் வதைந்து மாண்டோர் பலர். விதி வேண்டும் என்பதில் இனி இரண்டு கருத்தில்லை. அந்த விதி எங்கே நிற்க வேண்டும், யாருடைய கையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம்.

இது நம் வீட்டுச் சங்கதி. மலை போடிநாயக்கனூரில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு கிலோ மீட்டர். ஆனால் அங்கே போன பிள்ளைகளில் பெரும்பாலோர் சென்னையிலிருந்து போனவர்கள். பழைய மாமல்லபுரம் சாலைக் கணினி நிறுவனங்களிலும் அவை போன்ற இடங்களிலும் வாரத்தில் ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்து, இரண்டு நாளாவது காற்றாடத் திரிந்துவிட்டு வருவோம் என்று புறப்பட்டவர்கள். பெண்கள் மிகுதி. அதற்காக அவர்களைக் குறை கூறிய பெரிய மனிதர்களும் அன்றைக்கு இருந்தார்கள். பெண்ணுக்கு மலை எதற்கு என்று கேட்ட அந்தத் திண்ணைப் பேச்சுக்கு நாம் பதில் சொல்லப் போவதில்லை. சம்பாதிக்கிற பெண் தன் காசில், தன் கால்களால் மலையேறுவது பெருமைப்பட வேண்டிய செய்தி. அவள் பத்திரமாகத் திரும்பி வர ஏற்பாடு இருந்ததா என்பதே கேள்வி.

நடந்தது என்ன? இரண்டு குழுக்கள், ஒன்று சென்னையிலிருந்து, மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து. முப்பதுக்கும் மேற்பட்டோர் கொழுக்குமலையில் தங்கிவிட்டு, மறுநாள் குரங்கணியை நோக்கி இறங்கி வந்தார்கள். மார்ச்சு மாதம், ஆளுயரப் புல் சருகாகிக் கிடக்கும் காலம். பிற்பகலில் தீ சூழ்ந்தது. காட்டுத்தீயின் குணத்தைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். சமநிலத்தில் நடக்கிற தீ, சரிவில் ஓடும். மேலே இருக்கும் புல்லைத் தன் வெப்பத்தாலேயே முன்கூட்டிக் காய வைத்துக்கொண்டு ஓடும். பள்ளமும் ஓடையும் அதற்குப் புகைபோக்கி மாதிரி. தீயைக் கண்டால் பள்ளத்தில் இறங்கக் கூடாது, மேட்டை நோக்கி ஓடக் கூடாது, ஏற்கெனவே எரிந்து கருகிய தரையைத் தேடிப் போய் நிற்க வேண்டும். இதெல்லாம் மலையில் பிறந்தவன் பத்து வயதில் கற்கிற பாடம். கணினி படித்தவருக்கு அது தெரியாதது குற்றமில்லை. தெரிந்தவன் ஒருவன் முன்னால் நடந்திருக்க வேண்டும். அவன் சொல்லுக்கு மதிப்பும் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் சூலூரிலிருந்து விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன, கருடா கமாண்டோக்கள் வந்தார்கள், அமைச்சர்கள் வந்தார்கள். ஆனால் முதல் நாள் இரவே, புகை அடங்குவதற்கு முன்பே, போர்வையிலும் கம்பிலும் தொட்டில் கட்டிக் காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கியவர்களில் முன் நின்றோர் குரங்கணி ஊர் மக்களும் தோட்டத் தொழிலாளரும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பிறகு வழக்கமான காட்சிகள். டாப் ஸ்டேஷன் பாதைக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கொழுக்குமலைக்குப் போய்விட்டார்கள் என்றது வன இலாகா. வனச்சரகர் ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஏற்பாட்டாளர்கள் மீது வழக்குப் பதிவாயிற்று. வருவாய்த் துறையின் முதன்மைச் செயலாளராக இருந்த அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக நியமித்தார்கள். அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளும் பிறந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது என்றார்கள். நல்லது. வரவேற்கத்தக்கது. எனினும் சோதனைச் சாவடியில் நிற்கிற விதிக்கு ஒரு குறை உண்டு. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அதற்கு வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அந்தப் பக்கம் ஜீப்பில் ஏறி, இந்தப் பக்கம் கால்நடையாக இறங்கினால் குரங்கணிச் சாவடிக்கு அந்த ஆள் கணக்கிலேயே வரமாட்டார். வாசலில் காவற்காரன், கொல்லைப்புறம் திறந்த வீடு!

ஆகவே சாவடியை மட்டும் நம்பிப் பயனில்லை என்கிறோம். இந்த வியாபாரம் தொடங்குகிற இடம் சாவடியன்று. அது தொடங்குகிற இடம் தாம்பரம், வேளச்சேரி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர். கையிலுள்ள தொலைபேசியில் ஒரு படம் வருகிறது: பனி, முகடு, சூரிய உதயம். கீழே ஒரு தொகை, ஒரு எண். பணத்தை அனுப்பினால் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். வெள்ளி இரவு பெருங்களத்தூரிலோ, 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலோ வண்டி ஏற்றுகிறார்கள். அழைத்துப் போகிறவரின் பெயர் என்ன, அவர் எந்த மலையை எத்தனை முறை ஏறியவர், முதலுதவி தெரியுமா, எவரிடம் அனுமதி பெற்றார், விபத்து நேர்ந்தால் காப்பீடு உண்டா என்று பணம் கட்டுகிறவர் கேட்பதில்லை. கேட்டாலும் சரிபார்க்க அவருக்கு வழி வேண்டுமே! ஆட்டோ ஓட்டுகிறவர் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க வேண்டும். இட்லிக் கடைக்காரர் உரிமம் வாங்க வேண்டும். தாம்பரம் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர் கையில் வில்லை கட்ட வேண்டும். நாற்பது உயிர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போகிறவருக்கு மட்டும் ஒரு தொலைபேசி எண் போதுமா?

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாரும் காசு பறிக்கிறவர்கள் இல்லை. குரங்கணிக்குச் சென்னைக் குழுவை ஏற்பாடு செய்த சென்னை ட்ரெக்கிங் கிளப், லாபநோக்கில்லாத தன்னார்வ மன்றம் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது. கடற்கரைகளைத் துப்புரவு செய்தவர்கள் அதன் உறுப்பினர்கள். 2015 வெள்ளத்தின்போதும் உதவிக்கு வந்தவர்கள். நாம் அதை மறக்கவில்லை. ஆனால் லாபம் உண்டா இல்லையா என்பதைத் தீ கேட்காது. கம்பெனி என்றால் ஒரு சட்டம், மன்றம் என்றால் ஒரு சட்டம் என்று வைத்தால், நாளைக்கு எல்லாக் கம்பெனிகளும் மன்றம் என்று பெயர்ப்பலகையை மாற்றிக்கொள்ளும். முன்பின் அறியாதவரிடம் தொகை வாங்கி, அவரைக் காட்டுக்குள் நடத்திச் செல்பவர் எவராயினும் அவர் பொறுப்பாளி. இந்த ஒரு வரி சட்டத்தில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட வேண்டும். பதிவு அவர் பணம் வசூலிக்கும் ஊரில் நடக்க வேண்டும். பதிவு எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும்.

நமக்கு மட்டுமுள்ள சிக்கல் இல்லை இது. 2024 ஜூனில் உத்தரகாண்டின் சகஸ்திர தால் பாதையில் பனிப்புயலில் சிக்கிக் கர்நாடகத்தைச் சேர்ந்த மலையேறிகள் ஒன்பது பேர் மாண்டார்கள். மலை உத்தரகாசியில், புறப்பட்ட ஊர் பெங்களூர். வழக்கு மட்டும் மலையடிவாரத்துப் போலீசில்!

இனி நம் அரசினர் செய்ததைப் பார்ப்போம். 2024 அக்டோபரில், அப்போது துணை முதலமைச்சரான உதயநிதி ஸ்டாலின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 14 மாவட்டங்களில் 40 பாதைகள்; இணையதளத்தில் பதிவு; ஒவ்வொரு குழுவுக்கும் வழிகாட்டி. வழிகாட்டிகளைப் பழங்குடியினரிடமிருந்தும் வன ஓரத்து ஊர்களிலிருந்தும் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாற்றுக்குப் போகும் பாதையும் பட்டியலில் உண்டு. தீக்காலமென்று 2025ல் பிப்ரவரி 15ந் தேதியோடு பாதைகளை மூடினார்கள். இவை அத்தனையும் குரங்கணிப் பிணங்கள் கற்றுத் தந்த பாடங்கள், கற்றுக்கொண்டதற்குப் பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டு இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, விலை. தொடக்கத்தில் நிர்ணயித்த கட்டணத்தைக் கண்டு மலையேறப் பழகிய இளைஞர்களே முகம் சுளித்தார்கள். கடினமான பாதைகளுக்கு ஆளொன்றுக்கு ஆயிரக்கணக்கில்! மெப்ஸ் வளாகத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற பெண்ணுக்கு அது அரைமாதச் சாப்பாடு. காட்டுக்குள் கூட்டம் குறைய வேண்டும் என்பது சரி. அதைப் பணப்பையின் கனத்தால் குறைப்பது சரியா? தலை எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், முறை போட்டு அனுப்புங்கள். எட்டாத விலை வைத்தால் மலையாசை தீர்ந்துவிடாது. அந்தப் பிள்ளை அனுமதியில்லாத வழியில் போகும். நாகலாபுரம் மலை ஆந்திரத்தில், கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது.

இரண்டாவது அதைவிடப் பெரிது. இந்தத் திட்டத்தை நடத்துவது வன இலாகாவைச் சார்ந்த ஒரு கார்ப்பரேஷன். அனுமதி கொடுப்பதும் அதே இலாகா. டிக்கட் விற்பது அதன் கிளை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் நுழைய அனுமதி தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு. முதுமலையானாலும், முக்குருத்தியானாலும், ஆனைமலையானாலும் அவர் கையொப்பம்தான் கதவு. அந்தக் கையே கல்லாப்பெட்டியையும் காத்தால், விடுமுறை வாரத்தில் மழை கொட்டும்போது ‘இன்று பாதை இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? தனியாரைச் சோதிக்க அரசு இருக்கிறது. அரசைச் சோதிக்க யார்? மாவட்டந்தோறும் ஒரு குழு வேண்டும்: தீயணைப்புத் துறை, அரசு மருத்துவர், மலையூர் ஊராட்சி, அனுபவமுள்ள மலையேறிகள். விற்பனையில் பங்கில்லாதவர்களாக அவர்கள் இருக்க வேண்டும்.

ஆனால் எத்தனை குழு போட்டாலும், எத்தனை இணையதளம் திறந்தாலும், ஆபத்து வருகிற அந்த அரை மணி நேரத்தில் குழுவோடு இருக்கப் போகிறவன் ஒருவன்தான். வழிகாட்டி. விதி அவனிடத்தில்தான் வேர் கொள்ள வேண்டும்.

ஐரோப்பியர் இதை இருநூறு ஆண்டுக்கு முன்பே பட்டுணர்ந்தார்கள். 1820ல் ஹாமெல் என்ற அறிஞர் மோன் பிளாங்க் சிகரத்துக்குக் கிளம்பினார். பருவம் சரியில்லை, திரும்பிவிடலாம் என்றார்கள் வழிகாட்டிகள். பயணிகள் மேலே போகவே விரும்பினார்கள். பனிச்சரிவில் வழிகாட்டிகள் மூவர் புதைந்தார்கள். அழைத்து வந்தவர் பிழைத்துத் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1821ல், சாமோனி ஊர் வழிகாட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். இன்றைக்கும் இருக்கிறது அது. 2014 ஏப்ரல் 18ந் தேதி எவரெஸ்டில் பனிப்பாறை சரிந்து நேபாளத் தொழிலாளர் 16 பேர் மாண்டபோது, இறந்தவர் குடும்பத்துக்கு அந்நாட்டு அரசு முதலில் அறிவித்த தொகை நாற்பதாயிரம் நேபாள ரூபாய்! ஷெர்ப்பாக்கள் அந்தப் பருவத்தில் மலையேற மறுத்தார்கள். பிறகுதான் காப்பீட்டுத் தொகை உயர்ந்தது. டென்சிங்குக்கு மாலை போட்டு, 1954ல் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பள்ளி திறந்து, அவரைப் பயிற்சித் தலைவராக்கிய நாடு நம்முடையது. சிகரத்தைத் தொட்டவனைக் கொண்டாடத் தெரிந்தது. மூட்டை சுமந்தவனுக்கு உரிமை கொடுக்க இன்னும் கணக்குப் பார்க்கிறோம்.

நம் மலைகளில் வழிகாட்டுகிற பளியரும் முதுவரும் இருளரும் காணிக்காரரும் யார்? தங்கள் பாட்டன் நடந்த பாதையில் இன்று சீருடை போட்டு நடக்கிறவர்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கும் கிராம சபைக்கும் காட்டில் உரிமை உண்டென்று எழுதியிருக்கிறது. அப்படிப்பட்டவனை ஒரு நாள் கூலிக்கு முன்னால் நடத்திவிட்டு, பின்னால் வருகிறவர் ‘இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம், காசு கொடுத்திருக்கிறோம்’ என்று அதட்டினால் வாயடைத்துப் போகிற நிலையில் வைத்திருந்தால், அவனால் பயனென்ன? ‘திரும்பு’ என்று அவன் சொன்னால் குழு திரும்ப வேண்டும். சொன்னதற்காக அவன் கூலி குறையக் கூடாது; சொன்னதை மீறியவர்மீது வழக்கு வர வேண்டும். இந்த அதிகாரம் எழுத்தில் வேண்டும், அவன் கழுத்தில் தொங்கும் அட்டையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். உயிருக்குக் காப்பீடு, மாதச் சம்பளம், சங்கம் வைக்கும் உரிமை ஆகியவை அதோடு சேர வேண்டும்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. நம் பகுதிப் பிள்ளைகள் ஏறிப் பழக இங்கேயே குன்றுகள் இருந்தன. பல்லாவரத்தில்தான் 1863ல் ராபர்ட் புரூஸ் புட் கற்கால மனிதனின் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். அந்தப் பக்கத்துக் குன்றுகளை ஜல்லிக்காக உடைத்துக் குழியாக்கிவிட்டோம். குரோம்பேட்டைப் பையன் முதன்முதலாக மலையை மிதிப்பதே இருபத்தைந்து வயதில், தெரியாத ஒருவர் பின்னால், இரவெல்லாம் பேருந்தில் தூங்காமல் போய்! மிச்சமிருக்கும் குன்றுகளைக் காத்து, பள்ளிப் பருவத்திலேயே நடக்கவும் வழி பார்க்கவும் கற்றுக் கொடுக்கத் தாம்பரம் மாநகராட்சி முன்வரலாம். பெரிய செலவொன்றும் ஆகாது.

தீக்காலத்தில் பாதையை மூடுகிறார்களே, அந்த இரண்டு மாதம் வழிகாட்டியின் அடுப்பு எப்படி எரியும் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதே மாதங்களில்தான் வன இலாகா தீத்தடுப்புக் கோடு வெட்டவும், தீக்காவலுக்கும் ஆள் தேடுகிறது. மலையை அறிந்த வழிகாட்டிகள் வேலையின்றி ஊரில் இருக்கும்போது அந்த வேலைக்கு வேறெவரை அழைப்பது? பிப்ரவரி 15ந் தேதி பாதைக்குப் பூட்டுப் போடுகிற அன்றைக்கே, அந்த மலையின் வழிகாட்டிகள் அனைவரையும் முழுச் சம்பளத்தில் தீக்காவலர்களாக எடுத்துக்கொள்ளும் உத்தரவும் வெளியாக வேண்டுமென்று கோருகிறோம்.